நிலைத்த தாக்கமும் நாலு நாற்காலியும்

அறக்கட்டளையின் நிறுவனரும், நிரந்தரத் தலைவரும், எனக்கு ஏழு வயது இளையவனுமாகிய அன்புத் தம்பிக்கு,

உள்ளூர்ப் பொறுப்பாளர் என்ற முறையில் முதலில் என் வணக்கம். அண்ணன் என்ற முறையில் அடுத்து என் ஆசி. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். நலம் என்று எழுதுவது மரபு என்பதால் எழுதுகிறேன். என் இடுப்பு அந்த மரபை ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே நீயும், உன் மனைவியும், பிள்ளைகளும், கம்பெனியை விற்ற பிறகு உனக்கு வாய்த்ததாகச் சொன்ன மன அமைதியும் நலமாக இருப்பதாக நம்புகிறேன்.

இது காலாண்டு அறிக்கை இல்லை. நீ அனுப்பிய படிவத்தில் ‘இந்தக் காலாண்டின் மூன்று வெற்றிக் கதைகள்’ என்று தீப்பெட்டி அளவில் மூன்று கட்டம் போட்டிருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரே கதை. அது வெற்றிதானா என்று எனக்கே தெரியவில்லை, கட்டத்துக்குள்ளும் அடங்காது. அதனால்தான் கடிதம். முழுக்கப் படிக்க நேரமில்லை என்றால் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போ. அங்கே என் ராஜினாமா இருக்கிறது.

போன வருடம் நீ இங்கே வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, “அண்ணா, சம்பாதிச்சதெல்லாம் போதும். இனிமே திருப்பிக் குடுக்கணும். நாம வளர்ந்த இந்தக் குடியிருப்புலயே ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்” என்றாய். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. நான் கொஞ்சமும் யோசிக்காமல், “அப்போ ஒரு லிஃப்ட் போட்டுக் குடுப்பா” என்றேன். முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் வேறு என்ன கேட்பேன்? ஆஸ்பத்திரி, ஓட்டல், பத்து மாடி, இருபது மாடி என்று ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஐம்பத்துநாலு படி காலால் ஏறியவன் நான். நீ சிரித்தாய். “லிஃப்ட் எல்லாம் வெறும் வசதிண்ணா. நான் தேடறது நிலைத்த சமூகத் தாக்கம்” என்றாய். உள்ளேயிருந்து உன் அண்ணி, “தாக்கம்னா அடிக்கிறதுதானே? பாவம், யாரைத் தாக்கப் போறாராம்?” என்று கேட்டாள். அது உன் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் நமக்கெல்லாம் நல்லதாகப் போயிருக்கும். உண்மையைச் சொன்னால் லிஃப்ட் போட இங்கே இடமும் கிடையாது. நானே டேப் பிடித்து அளந்திருக்கிறேன். படிக்கட்டுக்கு நடுவில் உள்ள சந்தில் பல்லி வேண்டுமானால் ஏறி இறங்கலாம். அதனால் மேலே பேசவில்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கதான் இங்க என் கண்ணும் காதும்” என்றாய். கண் இரண்டிலும் புரை எடுத்தாகிவிட்டது, காது மோட்டார் ரூமில் போய்விட்டது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தம்பி முதல் தடவையாக ஒன்று கேட்கிறானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த மாதம் அந்தப் பெண்ணை அனுப்பினாய். தாக்கத்தை அளக்கிற பெண். நல்ல பெண், குறை சொல்லமாட்டேன். குதி உயர்ந்த செருப்பு, தோளில் பை, கையில் எப்போதும் அந்தத் தட்டைக் கணினி. வாசலில் நின்று, “எல்லா விவரமும் என் டேப்லெட்ல பதிவு பண்ணிப்பேன்” என்று அவள் சொன்னதை முதல் மாடிக்காரர் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, “அறக்கட்டளையில இருந்து டேப்லெட் குடுக்கறாங்களாம்” என்று மாடிக்கு மாடி சொல்லிவிட்டார். பத்து நிமிஷத்தில் பதினோரு பேர் பழைய மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றார்கள். ஒருவர் சர்க்கரைக்கு, ஒருவர் அழுத்தத்துக்கு, ஒருவர் எதற்கென்று தெரியாது, ஆனால் இலவசமென்றால் இரண்டு அட்டை வேண்டும் என்றார். அன்று முதல் அவளுக்கு இங்கே மாத்திரைப் பொண்ணு என்று பெயர். அவள் அதையும் பதிவுசெய்து, ‘முதல் நாளிலேயே சமூகத்தின் ஆர்வமான பங்கேற்பு’ என்று உனக்கு எழுதியிருப்பாள். அந்தப் பங்கேற்பு நடந்தபோது நான்தான் வரிசையை ஒழுங்குபடுத்தினேன்.

பிறகு அவள் வீடு வீடாகக் கேள்வி கேட்கக் கிளம்பினாள், கூடவே நானும். நாலாம் மாடியில் நர்சம்மா இருப்பது உனக்கு நினைவிருக்கலாம். நீ பத்தாவது படிக்கும்போது நாய் கடித்ததற்கு உனக்கு ஊசி போட்டவர். இந்த பிளாக்கில் அவர் கையால் ஊசி போட்டுக்கொள்ளாத இடுப்பே இல்லை. இப்போது எழுபத்தொன்று. முழங்கால் இரண்டும் தேய்ந்து, நாங்கள் போகும்போது அவர் கீழே இறங்கிப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. பாலும் காய்கறியும் பால்கனியிலிருந்து கயிறு கட்டிய கூடையில் ஏறும். அவருடைய அக்கா எதிர் பிளாக்கில், தரைத் தளத்தில் இருக்கிறார். அவருக்குக் கண் மங்கல், படியேற முடியாது. நடுவில் இருப்பது ஒரு முற்றம். நடந்தால் ஐம்பது அடி. தங்கை மேலேயிருந்து கையாட்டுவார். அக்காவுக்கு அது தெரியாது, ஆனாலும் குத்துமதிப்பாக ஒரு திசையைப் பார்த்துப் பதிலுக்குக் கையாட்டுவார். மற்றதெல்லாம் போனில்தான். பதினாலு மாதம், தம்பி.

மாத்திரைப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டே முதல் கேள்வியைப் படித்தாள். “உங்கள் குரல் சமூகத்தில் கேட்கப்படுவதாக உணர்கிறீர்களா?”

“நல்லாவே கேக்கும்மா,” என்றார் நர்சம்மா. “பால்காரனை நான் கூப்பிட்டா தெருமுனையில திரும்பிப் பார்ப்பான்.”

அவள் ‘முழுமையாக உடன்படுகிறேன்’ என்பதில் குறி போட்டாள். “இது சாதாரண உதவி இல்லைம்மா. சமூக முதலீடு” என்று விளக்கினாள்.

“முதலீடுன்னா? வட்டி வருமா?”

“இல்லைம்மா, உங்க வாழ்க்கையில மாற்றம் வரும். உங்களுக்கு ரொம்பத் தேவையானது எது? திறன் பயிற்சியா, தொழில் வழிகாட்டலா, தலைமைப் பண்பா?”

நர்சம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். “கீழ போய் எங்க அக்காவை ஒரு தடவை பாக்கணும்மா. அதுக்கு உன்கிட்ட கட்டம் இருக்கா?” என்றார். இல்லை. அந்தப் பெண் மேலும் கீழும் தேடிப் பார்த்துவிட்டு ‘இதர’ என்பதில் போட்டாள்.

வந்த முடிவு கணினிப் பயிற்சி மையம். கீழ்த் தளத்தில் உடைந்த கட்டிலும் காற்றுப்போன சைக்கிளும் கிடந்த அறையைக் காலிசெய்து, வெள்ளையடித்து, எட்டுக் கணினியும் இருபது நாற்காலியும் போட்டோம். நீ காணொளியில் வந்து திறந்துவைத்தாய். பாதிப் பேச்சில் உன் முகம் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டது, நாங்கள் கைதட்டி முடித்துக்கொண்டோம். மறுநாள் முதல் நான் காலை பத்து மணிக்குப் போய்ப் பூட்டைத் திறப்பேன், ஒரு மணிக்குப் பூட்டுவேன். நடுவில் ஈ வரும். விஷயம் எளிது. இறங்கி வரத் தெம்பிருப்பவர்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். வேலைக்குப் போகாதவர்களுக்கு இறங்கத் தெம்பில்லை. இதை நான் உனக்கு இரண்டு தடவை எழுதினேன். ‘ஆரம்பக்கட்டச் சவால்’ என்று உன் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது, சிரிக்கும் முகம் ஒன்றோடு.

அறக்கட்டளையின் ஆண்டு மலருக்குப் படம் வேண்டும் என்று அந்தப் பெண் வந்து நின்றபோது மையத்தில் இருந்தது உன் அண்ணி மட்டும்தான். எனக்கு டீ கொண்டுவந்திருந்தாள். அவளைக் கணினி முன்னால் உட்காரவைத்து, எலியில் கையை வைக்கச் சொல்லி, ஜன்னல் பக்கம் பார்த்து நம்பிக்கையோடு சிரிக்கச் சொன்னாள். உன் அண்ணியும் சிரித்தாள்; எங்கள் கல்யாணப் படத்தில்கூட அப்படிச் சிரிக்கவில்லை. மலர் அச்சாகி வந்தது. ஏழாம் பக்கத்தில் முழுப் பக்கத்துக்கு அவள் படம். அடியில், ‘கணவரை இழந்த துயரிலிருந்து மீண்டு, கணினியின் துணையோடு புது வாழ்வு தொடங்கியவர்.’ யார் எழுதியது, எந்தப் படத்துக்கு வைத்திருந்த வரி, ஒன்றும் தெரியவில்லை. நீ அதை உறவுக்காரர்கள் எல்லாருக்கும் வேறு அனுப்பியிருக்கிறாய். மறுநாள் காலையில் பெரியப்பா மகன் போன் செய்தான், ஒரே அழுகை. “எப்ப ஆச்சு? ஒரு வார்த்தை சொல்லலையே! கடைசியில என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலை,” என்றேன்.

“நீங்க யாரு பேசறது?”

“நான்தான்டா செத்தவன்.”

அவன் போனைக் கீழே போட்டுவிட்டான். அன்று மட்டும் ஒன்பது போன். நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொன்னதும் இரண்டு பேர் ஏமாந்துபோனதுபோல் எனக்குப் பட்டது. உன் அண்ணி மட்டும் மலரைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, “எழுதினது கிடக்கட்டும். படத்துல நல்லாத்தான் இருக்கேன், இல்ல?” என்றாள். அவளோடு நாற்பத்திரண்டு வருடம் ஆகிறது. ஆமாம் என்றேன்.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன். இது நான் திட்டம் போட்டுச் செய்ததில்லை; அலுப்பில் செய்தது. ஒரு நாள் மையத்தைப் பூட்டிவிட்டு மாடி ஏறும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. முதல் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே இருபது நாற்காலி சும்மா கிடக்க நான் ஏன் நிற்க வேண்டும் என்று தோன்றியது. திரும்ப இறங்கி, ஒன்றை எடுத்துவந்து அந்தத் திருப்பத்து மூலையில் போட்டு, உட்கார்ந்தேன். சுகமாக இருந்தது. அதற்கப்புறம்தான் நர்சம்மா ஞாபகம் வந்தது. ஆக மொத்தம் நாலு திருப்பத்துக்கும் நாலு நாற்காலி. ஒரு நாளைக்கு ஒன்றாகத்தான் ஏற்ற முடிந்தது. நாலாம் நாள் கடைசி நாற்காலியோடு அவர் கதவைத் தட்டி, “ஒன்பது படி இறங்கினா ஒரு நாற்காலி. உட்கார்ந்து எழுந்து, அப்புறம் ஒன்பது படி. வரீங்களா?” என்று கேட்டேன்.

அவர் உள்ளே போனார். தலைவாரி, வெளியே போகிற புடவையாக மாற்றிக்கொண்டு, கைப்பையோடு வந்தார். முன்னால் நான், பின்னால் உன் அண்ணி. எழுபத்திரண்டு படிக்கு நாற்பது நிமிஷம் ஆனது. நாற்காலியில் ஒரு தடவை, மாடிக்கு மாடி யாராவது கொண்டுவந்து போட்ட ஸ்டூலில் ஒரு தடவை என்று உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். முற்றத்து வெயிலில் கால் வைத்ததும் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அப்புறம் அக்கா வீட்டு வாசல். அக்கா காலடிச் சத்தத்திலேயே எழுந்துவிட்டார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். உன் அண்ணி மூக்கைச் சிந்தினாள். நான் கூரையைப் பார்த்தேன்.

“ஏன்டி இப்படி எலும்பா ஆயிட்டே?” என்றார் அக்கா.

“உனக்குத்தான் கண்ணே தெரியாதே, எலும்புன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“கை இருக்கே. அது இருக்கட்டும், என் கம்பளி எங்கே? நீ வாங்கிட்டுப் போய் ரெண்டு குளிர்காலம் ஆச்சு.”

“அது என் கம்பளி. நான்தான் உனக்குக் குடுத்திருந்தேன்.”

அரை மணி நேரம் சண்டை. பதினாலு மாதச் சண்டை பாக்கி இருந்தது. போனில் சண்டை போட்டால் நிறைவாக இருக்காதாம், நர்சம்மாதான் சொன்னார். அதற்குப் பிறகு வாரம் மூன்று நாள் போய் வந்தார். நாற்பது நிமிஷம் முப்பதாகி, இருபத்தைந்தாகிவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. மூன்றாம் மாடி வக்கீல், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவர், இரண்டாவது திருப்பத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தார். வீட்டில் ஃபேன் சத்தம் என்றார். பால்காரர் மூன்றாவது திருப்பத்தில் உட்கார்ந்து மகளுடைய வாடகை ஒப்பந்தத்தைக் காட்ட, வக்கீல் எழுந்து போய்ப் படித்துப் பார்த்துச் சொன்னார். முதல் மாடியில் பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி மாமியாரிடமிருந்து தப்பிக் குழந்தையோடு பத்து நிமிஷம் உட்காருவாள். போகிற வருகிறவர்கள் குழந்தையை வாங்கிக்கொள்வார்கள். ஐம்பது வருடமாக ஒருவரையொருவர் தோள் உரசிக் கடந்துபோன படிக்கட்டு. உட்கார ஒரு இடம் கிடைத்ததும் பேச ஆரம்பித்துவிட்டது.

இதை நான் உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. பெருமை யாரை விட்டது? போனில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். “அண்ணா! இதுதாண்ணா நான் தேடினது! இதைப் பெரிசா பண்ணணும், நூறு குடியிருப்புக்குக் கொண்டுபோகணும்” என்று குதித்தாய். நாற்காலியை விட்டு எழுந்திருப்பாய் போலிருக்கிறது, ஏதோ உருண்ட சத்தம்கூடக் கேட்டது. மூன்றாம் நாள் ஒரு வேன் வந்தது. நாலு நாற்காலியையும் ஏற்றினார்கள். அறக்கட்டளையின் சின்னத்தைப் பொறித்து, எண் போட்டு, தரப்படுத்தித் திருப்பித் தருவார்களாம். “ரெண்டு நாள்ல வந்துடும் சார்” என்றாள் மாத்திரைப் பெண். மையத்தில் மிச்சமிருந்த பதினாறையும் எடுத்துக்கொண்டு போனார்கள், அந்த நூறு குடியிருப்புக்கு முதல் தவணையாம். ஆனது பதினோரு நாள்.

ஒன்பதாம் நாள் காலையில் நர்சம்மா பால்கனியிலிருந்து கத்தினார். தெருமுனை வரை கேட்கும் என்றாரே, அந்தக் குரல். அக்காவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். கூட இருக்கும் பேரன் வேலைக்குப் போய்விட்டான். போனில் பேசும்போது அக்காவுக்கு நாக்குக் குழறுகிறது, சர்க்கரை மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொண்டேனோ என்னவோ, உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றுகிறது என்கிறார், சாப்பிடவும் இல்லை. நாற்பது வருடம் வார்டில் இருந்தவருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. “சக்கரையைக் கரைச்சு எடுத்துட்டு ஓடச் சொல்லுங்க உங்க வீட்டம்மாவை! நின்னு யோசிக்காதீங்க!” என்றார். உன் அண்ணி செருப்புகூடப் போடாமல் சொம்போடு ஓடினாள். நான் மேலே ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்காக எழுதுவது.

நர்சம்மா வாசலில் நின்றார். “நான் இறங்கறேன்.”

“நாற்காலி இல்லைம்மா. அவ பாத்துப்பா.”

“நாடி பிடிச்சுப் பாக்க உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா? எங்க அக்கா சார்.”

அவர் சமையலறையிலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டேன். ஒன்பது படி அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். திருப்பத்தில் ஸ்டூலைப் போடுவேன், உட்காருவார். மறுபடி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தோளைக் கொடுப்பேன். அறுபத்தொன்பது வயதில் நானே நடமாடும் நாற்காலித் திட்டமாகிவிட்டேன். இரண்டாம் மாடிக்கு வந்தபோது அவர் உட்காராமல் என் முகத்தைப் பார்த்தார். “நீங்க உட்காருங்க முதல்ல. வெளுத்துப்போயிருக்கு” என்று சொல்லி, நின்றபடியே என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். முழங்கால் நடுங்குகிறது, ஆனால் விரல் நடுங்கவில்லை. “ம், தேறும். எழுந்திருங்க” என்றார். சத்தம் கேட்டு வக்கீல் மேலேயிருந்து இறங்கி வந்து ஸ்டூலை வாங்கிக்கொண்டார். அவர் இல்லையென்றால் உறவுக்காரர்கள் மறுபடியும் போன் செய்ய வேண்டியிருந்திருக்கும். இந்தத் தடவை சரியான தகவலோடு.

நாங்கள் போய்ச் சேரும்போது அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போயிருந்தது. நர்சம்மா தரையில் உட்கார முடியாமல் கட்டில் நுனியில் உட்கார்ந்து, அக்காவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாடியை எண்ணினார். எண்ணி முடித்த பிறகும் கையை விடவில்லை. “இவ்ளோ நேரமாடி வரதுக்கு?” என்றார் அக்கா. நர்சம்மா புடவைத் தலைப்பால் அக்காவின் நெற்றி வியர்வையைத் துடைத்தார். அக்காவோடு சண்டை போடாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்றார். நான் முற்றத்தில் போய் நின்றேன். எனக்குக் கோபம் வருவது குறைவு என்று உனக்குத் தெரியும். அன்று வந்தது. ஆனால் கோபப்படவும் தெம்பு வேண்டும், தம்பி. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

நாற்காலிகள் முந்தாநாள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு கை ஒரு செடியை ஏந்துகிற சின்னம். சாய்ந்தால் செடி முதுகில் குத்துகிறது. ஒவ்வொன்றையும் சங்கிலியால் சுவரோடு பிணைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நூலால் கட்டித் தொங்கவிட்ட ஒரு பதிவேடு, ஒரு பென்சிலோடு: பெயர், வயது, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், உட்கார்ந்ததன் நோக்கம், உட்காருவதற்கு முன்னும் பின்னும் மனநிலை, பத்துக்கு எத்தனை. வக்கீல் நோக்கம் என்ற இடத்தில் ‘முழங்கால்’ என்று எழுதிவிட்டு, நாளையிலிருந்து வீட்டிலேயே படித்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார். கைக்குழந்தைக்காரி, தான் எத்தனை நேரம் உட்கார்ந்தாள் என்று மாமியார் படித்துவிடுவார் என்று வருவதில்லை. பால்காரர் கையெழுத்துப் போடுகிற எந்த இடத்திலும் உட்காரமாட்டாராம். ஒரு தடவை போட்டுப் பட்டவர். நேற்று முழுக்க நாலு நாற்காலியிலும் ஒருவரும் இல்லை. நர்சம்மா மட்டும் இறங்கினார். நோக்கம் என்ற இடத்தில் நாலு பதிவேட்டிலும் ‘அக்கா’ என்று எழுதியிருக்கிறார். மனநிலைக்கு ஒன்றும் எழுதவில்லை.

ஆகவே, தம்பி, அறக்கட்டளையின் உள்ளூர்ப் பொறுப்பாளர் பதவியிலிருந்து இன்றோடு விலகிக்கொள்கிறேன். மையத்தின் சாவி வக்கீலிடம் இருக்கும். உன் மனசு நல்ல மனசு. அதில் எனக்கு எந்தக் காலத்திலும் சந்தேகமில்லை. ஆனால் நீ நல்லது செய்கிற வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. நாங்கள் மெதுவாக இறங்குகிறவர்கள். இனி இந்தக் குடியிருப்புக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம், யாரையும் அனுப்ப வேண்டாம். எங்களை நாங்களே எப்படியோ பார்த்துக்கொள்கிறோம். நீ லீவுக்கு வந்து, கை வீசிக்கொண்டு வந்து, அண்ணி கையால் சாப்பிட்டுவிட்டுப் போ. அது போதும்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் முத்தம். நீ நோய் நொடியில்லாமல், நூறு வயது, முடிந்தால் தரைத் தளத்திலேயே வாழ்ந்திருக்க ஆசீர்வதிக்கிறேன். அண்ணியும் ஆசி சொல்கிறாள். அந்தப் படத்தில் பெரிய அளவில் ஒன்று கிடைக்குமா என்று கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
சோர்வுடன்,
உன் அண்ணன்
(முன்னாள் உள்ளூர்ப் பொறுப்பாளர்)

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் மறந்துவிடு. கடிதத்தை எடுத்துக்கொண்டு தபாலில் போட இறங்கினேன். இரண்டாவது திருப்பத்தில் மாத்திரைப் பெண் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, கையில் கணினி இல்லை. நாலு பதிவேடும் மடியில் இருந்தன. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாளாம். நாற்காலி போன அந்தப் பதினோரு நாளில் இங்கே என்ன நடந்தது என்று நர்சம்மா அவளிடம் சொல்லியிருக்கிறார். அழுத முகம். அவளுக்குப் பக்கத்தில் படியில் எதிர் பிளாக் நாலாம் மாடிக்காரர், இதய அறுவை ஆனவர். இத்தனை வருடத்தில் நான் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. “எங்க பிளாக்குக்கும் நாலு போட்டுக் குடுங்க சார். பின்னாடி பிளாக்குலயும் கேக்கறாங்க” என்றார். “நான் ராஜினாமா பண்ணிட்டேனே” என்று உறையைக் காட்டினேன். அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இன்னும் தபால்ல போடலையே சார்” என்றாள். அப்புறம், “இதை நான் அறிக்கையில எழுதமாட்டேன்” என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன், தம்பி. என்ன செய்வது, கேட்டுவிட்டார்களே. புதிதாக வேறு கடிதம் எழுதத் தெம்பில்லை, அதனால் இதையே அனுப்புகிறேன். ராஜினாமா இருக்கும் இடத்தை மட்டும் நீயே கிழித்துப் போட்டுவிடு. எட்டு நாற்காலி வேண்டும், உடனே அனுப்பு. ஒன்றும் பொறிக்காதே. கைப்பிடி வைத்ததாக இருக்கட்டும். உட்காருவது எளிது, எழுந்திருக்கத்தான் பிடிமானம் வேண்டும். எழுத்து கோணலாக இருக்கும், மன்னித்துக்கொள். அந்தப் பெண் எனக்கு இடம் விட்டாள். மடியில் வைத்து எழுதுகிறேன்.